உறையில் 'காரணம்' என்றொரு கோடு

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் பசியாறிக்கொண்டிருந்தபோது, ஒரு தம்பி மீகூன் (அரிசிச் சேமியா) தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வேலை போய் நான்கு மாதம். கேட்டது இதுதான்: "அங்கிள், ஒவ்வொரு வாரமும் பாட்டு நடத்துறவங்க 'நன்றி சொல்லுங்க, சந்தோஷம் தானா வரும்'னு சொல்றாங்க. நானும் கைதட்டுறேன், வாயால சொல்றேன். ஒண்ணும் வரலை. எனக்கு விசுவாசம் பத்தலையா, இல்லை இது நம்மள நாமே ஏமாத்திக்கிறதா? நன்றிக்கும் சந்தோஷத்துக்கும் அப்படி என்ன சம்பந்தம்?"

அந்தக் கூட்டத்தில் ரெண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்துவிட்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருஷமாக ஞாயிறு வேதபாட வகுப்பு எடுக்கிறவன் அப்படி நழுவியிருக்கக் கூடாது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. உங்கள் விசுவாசத்தில் குறை ஒன்றும் இல்லை. பாட்டு நடத்துகிறவர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் அவர் நடுவில் ஒரு படியை விட்டுவிட்டார். அந்தப் படியில் கால் வைக்காமல் எவ்வளவு தட்டினாலும் கைதான் வலிக்கும்.

அது என்ன படி என்பதைத் தமிழே சொல்லித் தருகிறது. திருக்குறளின் பதினோராவது அதிகாரத்துக்கு 'நன்றி சொல்லுதல்' என்று பெயர் இல்லை, 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். பழைய தமிழில் நன்றி என்றாலே நன்மை. 'நன்றி மறப்பது நன்றன்று' என்றால், ஒருவர் செய்த நன்மையை மறப்பது நல்லதல்ல என்று பொருள். கடையில் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு 'நன்றி' என்கிறோமே, அது பிற்பாடு வந்த வழக்கு. ஆக, எனக்கு ஒருவர் ஒரு நல்லது செய்திருக்கிறார், அதை நான் அறிகிறேன், கண்டுகொள்கிறேன். முதல் வேலை அதுதான். வாய் அதற்கப்புறம்தான் திறக்க வேண்டும்.

எபிரெய வேதாகமத்தில் நன்றிக்கு உள்ள சொல் 'தோடா'. வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதங்களில் நூறாவதின் தலைப்பிலேயே அது இருக்கிறது. "அவர் வாசல்களில் துதியோடும்" என்று நாம் வாசிக்கிற இடத்தில் 'துதி' என்று பெயர்த்திருப்பதும் அதைத்தான். சரி, இதே சொல் எங்கே வருகிறது பாருங்கள்: யோசுவா 7இல் ஆகான் திருடிவிட்டு மாட்டிக்கொள்கிறான். 'கர்த்தருக்கு முன்பாக அறிக்கைபண்ணு' என்று யோசுவா சொல்கிறாரே, அங்கேயும் மூலத்தில் தோடாதான். நன்றிக்கும் பாவ அறிக்கைக்கும் ஒரே சொல்! நடந்ததை நடந்தபடி, ஆள் முன்னால், மறைக்காமல் ஒத்துக்கொள்வது என்பதுதான் இரண்டுக்கும் அடி. நம் தமிழிலும் அறிதலும் அறிக்கையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிலிர்ப்பு வரும். தமிழ் வாத்தியார் புத்தி, என்ன செய்வது.

கிரேக்கத்தில் இன்னும் நெருக்கம். கிருபைக்கு 'காரிஸ்', நன்றி செலுத்துதலுக்கு 'யூகாரிஸ்தியா', சந்தோஷத்துக்கு 'காரா'. மூன்றும் ஒரே குடும்பம். நம் கத்தோலிக்கச் சொந்தக்காரர்கள் நற்கருணை என்கிறார்களே, அதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் 'யூகரிஸ்ட்' என்ற பெயர் இந்த யூகாரிஸ்தியாவிலிருந்து வந்ததுதான். சொற்கள் சொந்தக்காரர்கள் என்பதாலேயே கருத்தும் உண்மையாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடையில் கிரேக்க வேரைப் பிடுங்கிக் காட்டி ஆமென் வாங்குகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. வேரை விட்டுவிட்டுக் கதைக்குப் போவோம்.

லூக்கா 17இல் பத்துத் தொழுநோயாளிகள் வருகிறார்கள். தூரத்திலேயே நிற்கிறார்கள். பக்கத்தில் வர அனுமதி இல்லை. அந்தத் தூரம் என்னவென்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். பினாங்கில் புலாவ் ஜெரெஜாக் தீவு, சிலாங்கூரில் 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பு என்று இங்கேயும் ஆட்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு சுங்கை பூலோவுக்குப் பூச்செடி வாங்கப் போகிறோம். அந்த நர்சரிகளுக்கு நடுவே பழைய குடியிருப்பு வீடுகள் இன்னும் இருக்கின்றன. சரி, அந்தப் பத்துப் பேரையும் 'போய் ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள்' என்று இயேசு அனுப்புகிறார். போகிற வழியில் பத்துப் பேருக்கும் சுத்தமாகிறது. ஒருவன்தான் திரும்பி வருகிறான், அதுவும் யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தவனான ஒரு சமாரியன்.

மற்ற ஒன்பது பேரையும் நாம் சுலபமாகத் திட்டிவிடுகிறோம். அவர்கள் செய்தது சொன்ன வேலையைத்தான். ஆசாரியரிடம் போகச் சொன்னார், போனார்கள். அதில் குற்றம் இல்லை. ஆனால் திரும்பி வந்தவனைப் பற்றி லூக்கா ஒரு சின்னச் சொல் போடுகிறார்: "தான் ஆரோக்கியமானதைக் கண்டு". மற்றவர்களும் தங்கள் தோலைப் பார்த்திருப்பார்கள். இவன் பார்த்தது வேறு. இந்தத் தோலுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கண்டான். அப்புறம்தான் 'உரத்த சத்தத்தோடே' என்று வருகிறது. தூரத்தில் நின்று கத்திப் பழகிய அதே தொண்டைதான். முன்பு 'எங்களுக்கு இரங்கும்' என்று கத்தியது, இப்போது காலடிக்கே வந்து கத்துகிறது. கண்டான், திரும்பினான், சத்தம் வந்தது. நம்மில் பலர் சத்தத்திலிருந்து தொடங்குகிறோம். கேட்டால் டிரம்ஸ் மேல் பழி போடுவார்கள். டிரம்ஸ் பாவம், அது என்ன செய்யும்.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். இது உங்களுக்காகத்தான், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். 1998. ஆசிய நாணய நெருக்கடி. அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். ஆள்குறைப்பில் என் பெயரும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதத்தைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகள், வாடகை ஃபிளாட். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன். பாட்டெல்லாம் பாடினேன். ஒன்றும் இல்லை. இப்போது நீங்கள் சொன்னீர்களே, அதே மாதிரி.

அந்தச் சமயத்தில் என் பிறந்தநாள் வந்தது. நம் சபைகளில் பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை, வைப்பது வழக்கம், உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்ற பெரியவர் ஒரு உறையைக் கையில் திணித்தார். அதில் மூன்று கோடுகள்: பெயர், தொகை, காரணம். பெயர் எழுதினேன். தொகை ஐந்து வெள்ளி (ரிங்கிட்). காரணம் என்ற இடத்தில் 'பிறந்தநாள்' என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை. பிறந்ததற்காக நன்றி சொல்லும் மனநிலையில் நான் அன்றைக்கு இல்லை. பொய் எழுதவும் மனமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு முடிந்துவிட்டது.

அப்போது என் சட்டைப் பையில் ஒரு 555 புத்தகம் இருந்தது. உங்கள் தலைமுறைக்குத் தெரியுமோ என்னவோ, உள்ளங்கை அளவு நோட்டு. அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மளிகைக் கடையில் கடனுக்கு வாங்குவதெல்லாம் அதில்தான் ஏறும். எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அண்ணன் மூன்று மாதமாக அரிசி, எண்ணெய், பிள்ளைக்கு மாவுப் பால் எல்லாம் அதில் எழுதித் தந்துகொண்டிருந்தார். ஒரு நாள்கூட 'எப்போ தருவே' என்று கேட்டதில்லை. பக்கம் பக்கமாகக் கடன் என்றுதான் அதை நான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் அதே பக்கங்கள் வேறு மாதிரி தெரிந்தன. மூன்று மாதமாக என் வீட்டில் ஒரு வேளையும் அடுப்பு அணையவில்லை, அதற்குச் சாட்சியாக ஒரு புத்தகத்தையே பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். காரணம் என்ற கோட்டில் எழுதினேன்: 'கடைக்கார அண்ணனுக்காக'.

வானம் திறக்கவில்லை. ஆனால் ரெண்டாவது பாட்டில் என் குரல் என் காதுக்குக் கேட்டது. இத்தனை வாரமாக வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் கடைக்குப் போய் அவரிடமே சொன்னேன்: "அண்ணே, உங்க பேரை இன்னிக்கு சர்ச்சுல எழுதிப் போட்டேன்." அவர் தராசைப் பார்த்துக்கொண்டே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம், "அதெல்லாம் இருக்கட்டும், அரிசி எடுத்தாச்சா?" என்று கேட்டார். ரெண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? என் நிலைமை ஒரு வெள்ளிகூட மாறவில்லை. ஈப்போவிலிருந்து என் அக்கா வரும்போது பழைய மைலோ டின் நிறைய முறுக்கு கொண்டு வருவார். இங்கே பிரிக்பீல்ட்ஸில் முறுக்குக்குப் பஞ்சமா? தெருவுக்கு நாலு கடை. ஆனாலும் அந்த டின்னைத் திறக்கும்போது வருகிற மகிழ்ச்சி முறுக்கால் வருவதில்லை. 'என்னை நினைத்திருக்கிறாரே' என்பதால் வருவது. எட்டாம் சங்கீதத்தில் தாவீது ஆச்சரியப்படுவதும் அதைத்தான்: மனுஷனை நீர் நினைக்கிறதற்கும், விசாரிக்கிறதற்கும் அவன் எம்மாத்திரம்? நினைப்பது, விசாரிப்பது. நம் ஊரில் ஒருவர் மேல் அன்பு இருப்பதைக் காட்டுகிற இரண்டு காரியங்கள். 'விசாரிச்சதாச் சொல்லுங்க' என்கிறோமே. நன்மையைக் கண்டுகொள்கிறவன் கடைசியில் கண்டுகொள்வது தன்னை ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்பதை. ஆராதனையில் வருகிற சந்தோஷத்துக்கு ஊற்று அங்கே இருக்கிறது.

அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை, பத்து வாரம், நன்றியோடு நினைக்கக்கூடிய ஐந்து காரியங்கள் வரை எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள் என்று அதில் வந்தது. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் என்பது நோட்டோடு நின்றுவிடும். ஆராதனையில் அதை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம், அதுவும் பத்துப் பேர் காதில் விழும்படி.

இந்தப் 'பத்துப் பேர் காதில்' என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. லேவியராகமம் 7ஐ யாரும் விரும்பி வாசிப்பதில்லை. கொழுப்பு, குண்டிக்காய் என்று போகும். ஆனால் அதில் ஸ்தோத்திரபலிக்கு ஒரு விதி இருக்கிறது. ஒருவர் தனக்குக் கிடைத்த நன்மைக்காக ஆட்டையோ மாட்டையோ கொண்டுவந்து பலியிடுகிறார். கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுக்கறி) வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு. மீதியெல்லாம் கொண்டுவந்தவருக்கே. கூடவே எண்ணெய் பிசைந்த அதிரசம், அடை, புளித்த மாவினால் செய்த அப்பம்கூட உண்டு. இதையெல்லாம் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். விடியற்காலம் வரை ஒன்றும் வைக்கக் கூடாது. நேர்ந்துகொண்டு செலுத்துகிற பொருத்தனை பலிக்கு மறுநாளும் சாப்பிட அனுமதி உண்டு. ஸ்தோத்திரபலிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏன்? ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்த்துவிட முடியுமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் அவர்கள் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போவார்களா, 'என்ன விசேஷம்?' என்று கேட்பார்கள். சொல்ல வேண்டி வரும். நன்றியை ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாதபடி சட்டத்திலேயே விருந்தைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஐம்பதாம் சங்கீதத்தில் கர்த்தர் 'நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்' என்கிறார். அவருக்கு இந்த இறைச்சி தேவையில்லை. அது போய்ச் சேர வேண்டிய வயிறுகள் வேறு.

இதை நம் சபையில் எங்கே பார்க்கலாம் என்றால், அறுவடைப் பண்டிகை ஏலத்தில். பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன் சீயோன் பேராலயம், தமிழ் மெதடிஸ்ட் சபை, கத்தோலிக்கர்களின் பாத்திமா மாதா கோவில் என்று சுற்றிச் சுற்றித் தமிழ்ப் பாட்டுக் கேட்கும். வயல் என்று பார்த்தால் ஒரு சாண்கூடக் கிடையாது. ரயில், மோனோரயில், கோபுரம் கோபுரமாய் அடுக்குமாடி. அறுவடைக்கு எங்கே போவது? ஆனாலும் அன்றைக்குப் பலிபீடத்துக்கு முன்னால் வந்து குவியும். சூப்பர் மார்க்கெட் அரிசி மூட்டை, சமையல் எண்ணெய், மைலோ டின், அன்னாசி ஊறுகாய் போட்ட பாட்டில். ஃபிளாட் பின்சந்தில் யாரோ வளர்த்த முருங்கையிலிருந்து ஒரு கட்டுக் கீரை. ஒரு வருஷம் ஒரு அங்கிள் கேமரன் மலையில் வாங்கிய பூசணிக்காய் ஒன்றைக் கொண்டு வந்தார். கடையில் எட்டு வெள்ளி பெறும். ஏலத்தில் பத்து, இருபது, ஐம்பது என்று ஏறியது. நூற்றிருபது வெள்ளிக்கு எடுத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. "மறுபடியும் ஏலம் விடுங்க ஐயரே" என்று போதகரிடம் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது முறை எடுத்தவர் கொண்டுபோய், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் மடியில் வைத்தார். கூடமே சிரிக்கிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், அந்த அம்மாவுக்குப் பூசணிக்காயை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அன்றைக்குக் கீபோர்டு வாசிக்கிறவர் வரவே இல்லை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

உபாகமம் 26இல் முதற்பலன் கூடையைக் கொண்டுவருகிறவன் சும்மா கூடையை வைத்துவிட்டுப் போக முடியாது. ஒரு கதை சொல்ல வேண்டும்: என் தகப்பன் கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் போனான், பரதேசியாய் இருந்தான், எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இதோ இந்தக் கனி. அப்புறம்தான், நீயும் லேவியனும் உன் நடுவில் இருக்கிற பரதேசியும் சந்தோஷப்படுங்கள் என்று வருகிறது. நாம் இதை வாசிக்கும்போது நம் தாத்தாவை நினைக்காமல் இருக்க முடியாது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, லயத்து வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த கதை இல்லாத வீடு நம் சபையில் எத்தனை? அந்தக் கதையில் கசப்பும் இருக்கிறது. உபாகமம் அதை வெட்டிவிடச் சொல்லவில்லை. 'ஒடுக்கினார்கள்' என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு முறை அதை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் சாப்பாட்டு மேசையைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். அதுவும் சந்தோஷத்தில் ஒரு வகைதான்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போக வேண்டும். தமிழில் 'நன்றிக்கடன்' என்கிறோம். நன்றியோடு கடனை ஒட்டிவிட்டோம். எனக்குச் செய்தார், நான் திருப்பிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தலைகுனிவு. மனிதர்களுக்குள் இது ஓரளவு சரி. கடைக்கார அண்ணனின் கணக்கை வெள்ளி பாக்கி இல்லாமல் பின்னால் கட்டினேன், கட்டித்தான் ஆக வேண்டும். கடவுளிடம் இதே கணக்கைக் கொண்டுபோனால் சுமைதான் ஏறும். ஒவ்வொரு ஜூலையிலும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடு முழுக்க இருந்து ஜனங்கள் போகிறார்கள். 26ஆம் தேதி அவர் திருநாள். நேர்த்திக்கடன் என்று மெழுகுவர்த்தியோடு நிற்கிறவர்களில் கிறிஸ்தவரல்லாதவர்களும் உண்டு. நானும் போயிருக்கிறேன். சில முகங்களில் 'அப்பாடா, கட்டியாச்சு' என்ற நிம்மதி தெரியும். சில முகங்கள் வேறு மாதிரி இருக்கும், கிளம்ப மனமில்லாமல் அங்கேயே படியில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நூற்றுப்பதினாறாம் சங்கீதக்காரன் கடன் கேள்வியைத்தான் கேட்கிறான்: கர்த்தர் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும் அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்? பதில் என்ன தெரியுமா? 'இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு' என்கிறான். கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவன், இன்னொரு கோப்பையை வாங்கிக் குடிக்கிறேன் என்கிறான்! அம்மா வைத்த குழம்புக்கு நீங்கள் என்ன விலை கொடுக்க முடியும்? 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா' என்று தட்டை நீட்டுவதுதான் அவருக்குப் பிடித்த பதில். பொருத்தனையையும் அவன் விட்டுவிடவில்லை, ஜனங்களுக்கு முன்பாகச் செலுத்துகிறான். ஆனால் அது கோப்பைக்கு அப்புறம். யூதர்களின் விடுதலைத் திருநாளான பஸ்கா இரவில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவது யூத வழக்கம். இயேசு பிடிபட்ட இரவில் அப்பத்தை எடுத்து 'ஸ்தோத்திரம்பண்ணி' பிட்டார் என்றும், ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனார் என்றும் வாசிக்கிறோம். அப்படியானால் இந்தக் கோப்பைப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் அவர் அந்த இருட்டுக்குள் இறங்கியிருப்பார். திருவிருந்துக்கு வரிசையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டு நில்லுங்கள்.

இன்னொரு பள்ளம், இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூக்கா 18இல் தன்னைப் பக்திமானாக நினைத்துக்கொண்ட பரிசேயனும் 'உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்றுதான் தொடங்குகிறான். மற்றவர்களைப் போல் நான் இல்லை என்பதற்காக. சபை முன்னால் எழுந்து நன்மைகளைச் சொல்கிற நம் சாட்சி நேரத்திலும் இது வரும். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைக்காத இடம் என் மகனுக்குக் கிடைத்தது என்று. அதில் வருகிற குளிர்ச்சிக்குச் சந்தோஷம் என்று பேர் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனும் அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பான் என்பதையாவது பேசுகிறவர் யோசிக்கலாம்.

சரி, உங்கள் கேள்வியின் கூரான முனைக்கு வருகிறேன். வேலை போனதற்கு நன்றி சொல்ல வேண்டுமா? 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். எல்லாவற்றிலேயும், அதாவது எந்த நிலைமையில் இருந்தாலும். உடனே வகுப்பில் யாராவது எபேசியர் 5:20ஐத் திறப்பார்கள், அங்கே 'எல்லாவற்றிற்காகவும்' என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நான் அதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் அதே வசனத்தில் 'இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே' என்றும் இருக்கிறது. அவர் பெயரை வைத்துச் சொல்லக்கூடிய நன்றியைத்தான் சொல்ல முடியும். ஒருவர் செய்த அநியாயத்துக்கு, பிள்ளையைப் பறிகொடுத்ததற்கு, இயேசுவின் பெயரால் நன்றி சொல் என்று ஒரு தாயைக் கட்டாயப்படுத்தினால் அது வேதம் இல்லை, கொடுமை. தம் நண்பன் லாசருவின் கல்லறையில் இயேசு 'பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்று சொன்னார். சொல்வதற்கு முன்னால் அழுதார். வேறு மாதிரி விளக்குகிற போதகர்களும் உண்டு. என் புத்திக்கு எட்டியது இது.

பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம். 'எதுவரைக்கும்' என்று நாலு தடவை முட்டுகிறான். என்னை மறந்துவிட்டீரா என்றே கேட்கிறான். கடைசி வரியில், கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன் என்கிறான். 'நன்மைசெய்தபடியால்': நம் செய்ந்நன்றியேதான் இது. முட்டிக்கொண்டே அதைத் தேடி எடுத்திருக்கிறான். எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் அதுகூடக் கிடைக்கவில்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே சந்தோஷம் வராத ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆராதனையில் இடம் உண்டு. முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு வர வேண்டியதில்லை.

போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல வந்த பாட்டியை நினைவிருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருவாரே, அவர்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மைக்கை வாங்கி, வருஷம் எப்படிப் போனது என்று சொன்னார். கண் மங்கியது, காலில் ஒரு விரல் போனது, மகள் வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டாள். எதையும் மினுக்கிச் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "செவ்வாய், வியாழன், சனி மிஷினோட. ஞாயித்துக்கிழமை உங்களோட. என்னைப் படியில தூக்கிட்டு வர்ற ரெண்டு பையன்களுக்காகத் தோத்திரம். அதுல ஒருத்தன் சரியாத் தூக்க மாட்டான், அவனுக்காகவும் தோத்திரம்." கூடம் அதிர்ந்தது. சரியாகத் தூக்காத பையன் காது சிவந்து, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பாட்டியும் சிரித்தார்.

அந்தப் பையன் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், தம்பி. வேலை போய் நாலு மாதமாகியும் ஒரு ஞாயிறுகூட அந்த நாற்காலியை விட்டதில்லை என்பதும் தெரியும்.

அடுத்த மாதம் அறுவடைப் பண்டிகை. காணிக்கை உறைகள் கடைசி வரிசைக்குப் பின்னால், அலமாரிக்கு மேல் இருக்கின்றன. பெயரும் தொகையும் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், காரணத்தை மட்டும் அவசரப்படாமல் எழுதுங்கள். இந்த வாரம் ஒன்றும் தோன்றவில்லை என்றால் வெறுமனே பையில் வைத்துக்கொண்டு போங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம். பேனா மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள், அங்கே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற பேனா எழுதி ரொம்ப நாளாச்சு.